கிளிக்கூண்டோடு போன மதுரவல்லி

சினிமாக் கொட்டகையில் கஷ்டமான வேலை மெஷின் ஓட்டுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பெண்கள் பக்கத்து வாசலில் ஒரே ஒரு நாள் நின்று பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். யுத்தம் ஆரம்பித்த வருஷத்திலிருந்து ஒன்பது வருஷம், திருத்தணியில் ஒரு டூரிங் கொட்டகையில் நான் அந்த வாசலில் நின்றேன். நீங்களும் எங்கேயாவது டிக்கெட் கிழித்திருந்தால், கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் அனுப்பியிருந்தால், ஆஸ்பத்திரியில் வரிசையை ஒழுங்கு பண்ணியிருந்தால், நான் சொல்வது உங்களுக்குச் சட்டென்று புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பாதிரியார் வீட்டு அம்மா

என் வீட்டுக்காரர் அரக்கோணம் ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்தவர். விஷக் காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தேர்டு பாரம் வரைக்கும் படித்த இங்கிலீஷும், ரயில் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குரலும்தான் என்னிடம் மிச்சம். கொட்டகை முதலாளிக்கு இரண்டும் தேவைப்பட்டன. ஆண்கள் இந்தப் பக்கம் நுழையாமல் விரட்டுவதற்குக் குரல். பட்டணத்துப் படக் கம்பெனிகளிலிருந்து வரும் கடிதங்களைப் படிப்பதற்கு இங்கிலீஷ். "எஸ்தர், நாளைக்கே வந்துடு" என்றார். போய்விட்டேன்.

எங்கள் சபையில் சினிமா பார்ப்பதே பாவம். கொட்டகையில் வேலை பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பார்த்தபடியே பாவத்தால் நெருப்பில் அழிந்த சோதோம் கொமோரா ஊர்களைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். நானும் மூன்று வாரமும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். நாலாவது வாரம் சனிக்கிழமை ஒரு அம்மாள் மூக்கு வரைக்கும் முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். டிக்கெட்டை வாங்கும்போது கையைப் பார்த்தேன். ஐயர் வீட்டு அம்மாவின் மோதிரம். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாள் என் காதருகே குனிந்து சொன்னாள்: "எஸ்தர், நான் வந்தது ஐயருக்குத் தெரியவேணாம். அவரு ஆம்பளைங்க பக்கத்துல ரெண்டாவது பெஞ்சில உக்காந்துகினு இருக்காரு, பார்த்துட்டேன்."

மடியில் தங்கிய பிள்ளை

பிள்ளை அழுதால் வெளியே கொண்டுவரவேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். சட்டம் போட்டவர் முதலாளி. பிள்ளையைத் தூக்கியவள் நான். உள்ளே கதாநாயகி கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய் எழுந்து வருவாள்? வாசல் படுதாவைத் தூக்கி, "எஸ்தரக்கா, கொஞ்சம் புடிங்க" என்று பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை என்னிடம் நாலு பிள்ளைகள். ஒன்று தோளில், ஒன்று இடுப்பில், இரண்டு மணலில். எத்தனையோ படங்களை நான் முழுக்கக் கேட்டிருக்கிறேன். முழுக்கப் பார்த்தது ரொம்பக் குறைச்சல்.

ஒரு நாள் ஆட்டம் விட்டு எல்லாரும் போனபிறகும் என் மடியில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யார் கொடுத்த பிள்ளை என்று எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் கனகம்மாசத்திரம் போகிற பாதையிலிருந்து ஒருத்தி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். பிள்ளையை வாங்கி மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். "ஏம்மா, பெத்த பிள்ளையை மறந்துட்டுப் போறியே, உனக்கு இன்னா ஆச்சு?" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளையே விழித்துக்கொண்டது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "படத்துல அந்தம்மா பிள்ளையைத் தொலைச்சுட்டாங்களேக்கா, அதை நெனைச்சு அழுதுகினே போனேன், என் பிள்ளை ஞாபகமே வரல."

நாற்காலி அம்மாள்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகி நம் பக்கம் வந்ததே, அந்த வருஷம். எங்கள் கொட்டகையில் பெண்களுக்கு மணல்தான். குவித்து உட்காரலாம், சாயலாம், துப்பாமல் இருந்தால் படுக்கக்கூட செய்யலாம். பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மாளுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்காரன் தலையில் ஒரு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்து முதல் வரிசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இருந்தவர்களுக்குத் திரையில் பாதி, அந்த அம்மாளின் கொண்டையில் பாதி. நான் போய்ச் சத்தம் போட்டு நாற்காலியைக் கடைசிக்குத் தள்ளவைத்தேன்.

இடைவேளையில் எட்டிப் பார்த்தால் கடைசியில் வெறும் நாற்காலி. அம்மாள் நடுக்கூட்டத்தில் மணலில் சம்மணம் போட்டு, யாரோ கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு, யார் தோளிலோ சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். போகும்போது என்னிடம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டேன். அவள் சொன்னது: "அடுத்த வாரம் நாற்காலி வேண்டாம்மா, மணல்ல உட்கார்ந்தாத்தான் நல்லா அழ வருது."

மங்கம்மா கேட்ட படம்

படம் மாற்றுகிற வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வருபவள் மங்கம்மா. நெசவுக்காரத் தெருவில் புருஷன் துணை இல்லாமல், ஒரே பெண் சரோஜாவை வைத்துக்கொண்டு தறி நெய்து பிழைத்தவள். முதல் தடவை வந்தபோதே வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "இது வேணாம். மதுரவல்லி புறப்பாடு எப்போ வரும்?" என்று கேட்டாள். அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பேசாத காலத்துப் படமாம். பட்டணத்தில் படம் பேச ஆரம்பித்தும், எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேராத சமயம். ஒரு ஆடிக் கிருத்திகைக்குப் போட்ட கொட்டகையில் பார்த்தாளாம். அப்போது அவள் கையில் ஐந்து வயது சரோஜா. முதுகில் புருஷன் விறகுக்கட்டையால் போட்ட காயம்.

கதையை நூறு தடவையாவது எனக்குச் சொல்லியிருப்பாள். மதுரவல்லி பெரிய வீட்டு மருமகள். புருஷன் தினமும் அடிக்கிறான். ஒரு நாள் அவள் தன் கிளிக்கூண்டை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்குகிறாள். வழியில் ஆறு, கரை புரளுகிற வெள்ளம். கூண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடந்து அக்கரை ஏறுகிறாள். புருஷன் இக்கரையில் நின்று கூப்பிடுகிறான். "எனக்கு ரெண்டு கை இருக்குது, என் கிளிக்கு ரெண்டு இறக்கை இருக்குது, நாங்க பொழைச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அதோடு படம் முடிந்தது. மங்கம்மா அன்றைக்குக் கொட்டகையை விட்டுப் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நெசவுக்காரத் தெருவுக்கு வந்து, ஒரு வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்க்கவேண்டும், சரோஜாவுக்கும் காட்டவேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பட்டணத்துக் கம்பெனிகளுக்கு என் இங்கிலீஷில் மாறி மாறி எழுதினேன். அப்படி ஒரு படமே யாரும் எடுக்கவில்லை என்று பதில் வந்தது. ஒரு கம்பெனி, அதற்குப் பதிலாக இரண்டு புராணப் படம் அனுப்பட்டுமா என்று கேட்டது. மங்கம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பட்டணத்துக்காரங்களுக்கு இன்னா தெரியும்? நான் அந்தம்மா கூடவே ஆத்துல எறங்கி நடந்தவ."

கோதண்டத்தின் வாய்

ஆண்கள் பக்கத்து வாசலில் நின்றவர் கோதண்டம். பேசாத படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் முக்காலி மேல் ஏறி நின்று, தகரக் குழாயில் கதை சொன்னவர். அந்தப் படங்களில் நடுநடுவே இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுத்து வரும். நம் ஜனங்களுக்கு அது புரியாது என்று ஒவ்வொரு கொட்டகையிலும் இப்படி ஒருவரை வைத்திருந்தார்கள். படம் தானே பேச ஆரம்பித்ததும் இவர் டிக்கெட் கிழிக்க வந்துவிட்டார். அதற்காக வருத்தப்படுகிற ஆள் இல்லை. கிழிக்கிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு வசனம் சொல்லித்தான் உள்ளே விடுவார்.

இவரைக் கேட்டால் தெரியுமே என்று எனக்குத் தோன்றவே மூன்று வருஷம் ஆயிற்று. அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன். "மதுரவல்லி புறப்பாடு" என்றதும் அவர் கையிலிருந்த டிக்கெட் கட்டு மணலில் விழுந்தது. தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் என்னை அழைத்துப்போய்ச் சொன்னார். அந்தப் படத்தில் கதை சொன்னவர் அவர்தான். படத்துக்கு அப்படிப் பெயரே இல்லை. கூட வந்த நோட்டீஸ் எங்கேயோ தொலைந்துபோயிற்று. இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. பெயரில்லாமல் தண்டோரா போட முடியுமா? மலையில் சாமி புறப்பாடு நடந்த நாளாச்சே என்று அவரே ஒரு பெயர் வைத்துவிட்டார். கதாநாயகிக்கு மதுரவல்லி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"அப்போ ஆறு?" என்றேன்.

"ஆறும் நான் விட்டதுதாம்மா. வெறும் ரோட்டுல ஒருத்தி நடந்துகினே போனா ஜனங்க எழுந்து போயிடுவாங்களே."

"கடைசியில அவ சொன்னாளே, ரெண்டு கை, ரெண்டு இறக்கைன்னு?"

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அது எட்டு ரீல் படம். எட்டாவது ரீல் திருத்தணிக்கு வருவதற்கு முன்னால் புத்தூரில் எரிந்துபோய்விட்டது. ஏழாவது ரீல், அவள் ரோட்டில் நடந்து போவதோடு நின்றுவிடும். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று கோதண்டத்துக்குத் தெரியாது. கொட்டகை நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கிறது. எதையாவது சொல்லி முடிக்கவேண்டும். முடித்துவிட்டார்.

அதைக் கேட்டு மங்கம்மா என்ன செய்தாள் என்று நான் சொன்னதும் மனிதர் வெலவெலத்துப்போனார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் அவர் பெண்கள் பக்கம் தலையே காட்டுவதில்லை. எனக்கும் மங்கம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குத் தண்ணீர்ப் பானையைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "கூட்டம் கூச்சல் போடாம கலையணுமேன்னு ஒரு வார்த்தை சொன்னேம்மா, அதைப் புடிச்சுகினு ஒருத்தி வீட்டையே விட்டுடுவான்னு நான் கண்டேனா?"

கரீம் பாயின் சாக்கு

எங்கள் மெஷின் ஓட்டுபவர் கரீம் பாய். அரக்கோணத்தில் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மத்தியான பாசஞ்சரில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொண்டு போவார். பழைய பிலிம்களை எடைக்கு வாங்கி வளையல் செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. பெயரை வைத்துத் தேடிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் அவரிடம் சொல்லிவைத்தேன். "பாய், எதுலயாவது ஒருத்தி கையில கிளிக்கூண்டு இருந்தா, அதை மட்டும் வளையலாக்கிடாதீங்க." சரி என்று தலையை ஆட்டினார். அப்புறம் வருஷக்கணக்கில் பேச்சு மூச்சு இல்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் சரோஜா தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தாள். திருவாலங்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தாய்தான் வாழாவெட்டி, மகளுமா என்று கேட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில் புருஷன் வீட்டு வண்டி வரும், பெண் ஏறிப் போகவேண்டும் என்று முடிவாயிற்று. சரோஜா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மங்கம்மா என் வாசலுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னா, 'உனக்குத் துணிச்சல் இருந்தது, எனக்கு இல்ல'ங்கறா. அந்தப் படத்தை ஒரே ஒரு தரம் பார்த்தான்னா போதும், எஸ்தரம்மா" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட்டைத் தப்புத் தப்பாகக் கிழித்தேன்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் கரீம் பாய் ஒரு சாக்கோடு ரயிலை விட்டு இறங்கினார். மூடிப்போன ஒரு கொட்டகையின் சரக்காம். ஒரு சுருளைப் பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நகத்தளவு பெண். கையில் கூண்டு. டப்பாக்களை எண்ணினேன், எட்டும் இருந்தன. மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் இங்கிலீஷில் படத்தின் பெயர். 'சுசீலாவின் பச்சாத்தாபம்.' இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். பச்சாத்தாபம், அதாவது செய்ததற்கு வருந்துவது என்றால், எட்டாவது ரீலில் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று படம் பார்க்காமலே தெரிந்துபோயிற்று. பாய் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார், அர்த்தத்தைச் சொன்னேன். அவர் எட்டாவது டப்பாவைத் தனியாக எடுத்துச் சாக்கின் அடியில் போட்டு மேலே துணியை வைத்தார். "ஏழோட நிறுத்திடலாம் தங்கச்சி. அது வரைக்கும் அந்தப் பொண்ணு யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கல."

பெட்டி வராத கிருத்திகை

கிருத்திகையன்று மலையிலிருந்து இறங்கின கூட்டம் அப்படியே கொட்டகைக்கு வந்துவிட்டது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் வாசல் வரைக்கும் நிற்கின்றன. பட்டணத்திலிருந்து பாசஞ்சர் வந்தது. அதில் வரவேண்டிய படப் பெட்டி வரவில்லை. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கரீம் பாய் சாக்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார்.

"பேசாத படமா? கொட்டாயைப் பிச்சுடுவாங்களே!" என்றார் முதலாளி.

"பேசறதுக்குத்தான் நம்ம கோதண்டம் இருக்காரே" என்றேன் நான். கோதண்டம் பின்பக்கப் படுதாவைத் தூக்கி நழுவப் பார்த்தார். முதலாளி பிடித்து முக்காலியில் ஏற்றிவிட்டார். நான் நெசவுக்காரத் தெருவுக்கு ஆள் அனுப்பி, மங்கம்மாவையும் சரோஜாவையும் வரவழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்தேன். அன்றைக்கு யார் பிள்ளையையும் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பேசும் படத்து மெஷினில் பேசாத படத்தை ஓட்டினால் எல்லாம் வேகமாக ஓடும் என்பது எங்களுக்கு ஞாபகம் இல்லை. படத்தில் எல்லாரும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். புருஷன்காரன்கூட அவசர அவசரமாக அடித்தான். கொட்டகையே சிரித்தது. கோதண்டம் அந்த வேகத்துக்குப் பேசி மூச்சு வாங்கினார். மங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வீடு பெருசா இருந்ததே?" என்றாள் என் காதில். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா இவ்ளோ குள்ளமா?" என்றாள். ஏழாவது ரீலில் மதுரவல்லி கிளிக்கூண்டோடு படி இறங்கினாள். புழுதி ரோடு, இரண்டு பக்கமும் கள்ளிச் செடி. "ஆறு எங்கம்மா?" என்று மங்கம்மா கேட்டாள். அவள் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோதண்டத்துக்கும் அன்றைக்கு ஆற்றை விடத் தைரியம் வரவில்லை. நேராகக் கடைசி வசனத்துக்கு வந்துவிட்டார். "எனக்கு ரெண்டு கை இருக்குது" என்று அவர் ஆரம்பித்ததும், மங்கம்மா சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து சொன்னாள். எழுத்துப் பிசகாமல், சத்தமாக, கடைசி வரைக்கும் சொன்னாள். மெஷின் நின்றது. விளக்குப் போட்டார்கள். ஒரு வழியாகத் தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

கோதண்டம் முக்காலியை விட்டு இறங்கவில்லை. சாக்கின் அடியில் கிடந்த டப்பாவை எப்போது பார்த்தாரோ, குழாயைக் கீழே வைத்தார். "ஜனங்களே, இன்னொரு ரீல் இருக்குது" என்றார். "அன்னைக்கு அது எனக்கு வரல. நானா ஒரு முடிவு சொன்னேன். இந்தப் படத்துக்குப் பேரு வச்சதுகூட நான்தான். பாய், அதையும் போட்டுடுங்க." இத்தனை வருஷம் புளுகினவருக்கு உண்மை சொல்ல இந்த நாள்தானா கிடைத்தது என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

எட்டாவது ரீலுக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. மதுரவல்லி அதே ரோட்டில், அதே கூண்டோடு திரும்பி வந்தாள். புருஷன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் காலில் விழுந்தாள். எழுத்து வந்தது. பெண்கள் பக்கம் முழுக்க என்னைப் பார்த்து, "இன்னா எழுதிகினு இருக்குது?" என்றது. நான் பொய் சொல்லியிருக்கலாம். கோதண்டம் அங்கே தலையைக் குனிந்து நின்றிருக்கும்போது எனக்கு அது வரவில்லை. "தப்பு என்னுது, உங்க காலடியில இடம் குடுங்கன்னு எழுதியிருக்குது" என்று படித்தேன். பின்வரிசையிலிருந்து யாரோ ஒருத்தி வேர்க்கடலைத் தோலைக் கைநிறைய அள்ளித் திரையில் எறிந்தாள்.

கூட்டம் கலைந்தது. மங்கம்மா எழுந்திருக்கவில்லை. பதிமூன்று வருஷம் தேடின படம் ஒன்றரை மணி நேரத்தில் அவள் காலை வாரிவிட்டது. சரோஜா திரையை விட்டுவிட்டுத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோதண்டம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "அம்மா, கூட்டத்துக்கோசரம் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். உன் பொழைப்பைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தனக்கு அந்த வார்த்தையைச் சொன்ன குரலுக்கு இப்போதுதான் முகம் கிடைத்திருக்கிறது. புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து சொன்னாள்: "நீ சொன்னது பொய்யாவே இருக்கட்டும் நைனா. நான் போனது நெஜந்தானே?"

காலி வண்டி

மறுநாள் காலையில் சொன்னபடி நெசவுக்காரத் தெருவுக்கு வண்டி வந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால், என்னால் வந்த வினையாயிற்றே என்று பயம். அந்தப் படத்தைப் போடாமலே இருந்திருக்கலாம், பெட்டி ஒழுங்காக வந்திருக்கலாம், பாய் எல்லாவற்றையும் வளையலாக்கியிருக்கலாம் என்று என்னென்னவோ நினைத்தேன். பத்து மணி வாக்கில் கோதண்டம் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். அந்தத் தெருமுனையிலேயே விடியற்காலையிலிருந்து நின்றிருக்கிறார். பெரியவர்கள் கத்தினார்களாம், கெஞ்சினார்களாம். வண்டி வந்தபடியே காலியாகப் போய்விட்டதாம். சொல்லிவிட்டு மனிதர் என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

அன்று சாயங்காலம், ஒரு நாள் தாமதமாக வந்த பட்டணத்துப் பெட்டியின் புதுப் படம். டிக்கெட் வரிசையில் சரோஜா நின்றிருந்தாள். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது. விரலெல்லாம் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. தறி வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள் என்று கேட்காமலே தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, "நேத்து படம் எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டுவைத்தேன். அவள் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "நல்லாவே இல்லக்கா. அந்தம்மா ஒரு ரீல்லயே திரும்பி வந்துட்டாங்க. எங்கம்மா பதிமூணு வருஷமா திரும்பல, அதைத்தான் நான் தெனமும் பார்த்துகினு இருந்தேனே."

ஒன்பது வருஷம் அந்த வாசலில் நின்றதில் நான் கண்டது இவ்வளவுதான்: படம் எடுக்கிற வேலையை ஆண்கள் பக்கத்துக்கே விட்டுக்கொடுத்தாலும், அதை முடித்துவைக்கிற வேலையைப் பெண்கள் பக்கத்துக்குத்தான் கொடுக்கவேண்டும்.